நிலவில்லாத இரவில் தெரிந்த அடிவானம்

கர்தாமிலா,
ஜூலை 9

அன்புள்ள சிதெரிஸ்,

இங்கே நானும் உன் தங்கை கலியோப்பியும் சுகம், வெயிலைத் தவிர வேறு குறையில்லை. நீயும் சுகம் என்று மூன்று கடிதத்திலும் எழுதியிருக்கிறாய், அதை அப்படியே நம்ப முடியாமல்தான் பதில் போட இத்தனை தாமதம். பத்திர ஆபீசில் சந்தேகமான கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போமே, மூன்று வாரமாக உன் கடிதங்களை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறித் தட்டை மரூக்கோவின் ரொட்டிக் கடை அடுப்பில் வேக வைத்துவிட்டு எல்லாரும் வாசலில் காத்திருந்தோம். மரூக்கோ சும்மா இருப்பாளா, எவாந்தியா, உன் மாலுமி என்ன எழுதியிருக்கான், படிச்சுக் காட்டேன் என்றாள். நானும் பெருமையாய்ப் பையிலிருந்து எடுத்துப் படித்தேன். நிலவே இல்லாத நடு இரவில் மேல்தளத்தில் தனியாக நின்று, கருவியில் ஒரு நட்சத்திரத்தை அடிவானம்வரை இறக்கி உயரம் அளந்தாய், அதிகாரி முதுகில் தட்டினார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடம். பெண்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். கப்பித்தான் லெயோனிஸ் மட்டும் சிரித்துவிட்டார், உன்னைக் கப்பலில் சேர்த்துவிட்ட அதே லெயோனிஸ். நிலா இல்லாத நடுராத்திரியில அடிவானம் எங்கேம்மா தெரியும், பிசாசுகிட்ட இரவல் வாங்கினானா உன் பையன் என்றார். நட்சத்திரமும் தெரியணும், கடல் விளிம்பும் தெரியணும், ரெண்டும் சேர்ந்து கிடைக்கிறது பொழுது சாயும்போது கொஞ்ச நேரம், விடியும்போது கொஞ்ச நேரம், இது முதல் வாரத்துப் பாடமாச்சே என்றார். எனக்கு அடுப்புச் சூடு முகத்தில் ஏறிவிட்டது. உடனே காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய், ஐயோ நான்தான் தப்பாய்ப் படித்துவிட்டேன், நிலா வருமுன் பொழுது சாயும் நேரம் என்றுதான் இருக்கிறது, இவன் கோழிக் கிறுக்கல் யாருக்குப் புரிகிறது என்றேன். முப்பத்தெட்டுலயே கண்ணு போச்சாடி உனக்கு என்று மரூக்கோ கேலி செய்தாள். லெயோனிஸ் சிரிக்கவில்லை, காகிதத்துக்குக் கையை நீட்டினார். நான் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்த ஒரு சொல் என்னை விடவில்லை. நம் கிரேக்க மொழியில் ஒரிசோந்தாஸ் என்றால் அடிவானம் மட்டுமா? எல்லை போடுவது என்பதுதான் அதன் வேர். மாடி மாடியாய் வீட்டைப் பிரித்து எழுதும் பத்திரத்திலும் அந்தச் சொல்லைத்தான் நாள் முழுக்க தட்டச்சு செய்கிறேன், கலியோப்பியின் குறுக்கெழுத்தில் இடமிருந்து வலம் போவதற்கும் அதே சொல், நெடுக விழுந்து கிடப்பவனையும் அதை வைத்துத்தான் கேலி செய்கிறோம். முதலில் எனக்குப் பட்டது அதுதான், பிள்ளை ஏதோ ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்கிறான், மறைக்கிறான் என்று. பிறகு முதல் கடிதத்தை எடுத்தேன். என் அடிவானம் விரிந்துகொண்டே போகிறது அம்மா என்று எழுதியிருக்கிறாய். தேர்தல் மேடையில் பேசுகிறவர்கள் அல்லவா அப்படிச் சொல்வார்கள், பள்ளிக்கூடத்தில் நாலு வரிக் கட்டுரைக்கு அழுத நீ எப்போது இப்படி எழுத ஆரம்பித்தாய்? கப்பல் பிரேசிலைத் தாண்டிவிட்டது என்கிறாய், மூன்று உறையிலும் தபால் முத்திரை ஆண்ட்வெர்ப் நகரத்தது. அங்கே இருக்கும் நண்பன் கப்பலுக்கு அனுப்பி வைப்பான், அவன் விலாசத்துக்கே எழுது என்கிறாய், அந்த நண்பனுக்குப் பெயர்கூட இல்லை. முதல் கடிதம் கப்பல் படம் போட்ட தாளில், மூன்றாவது கட்டம் போட்ட நோட்டில் கிழித்தது, மூக்கருகே வைத்தால் மீன் வறுத்த எண்ணெய் வாசனை. கடைசியில், கை வெடிப்புக்கு என்ன தடவலாம் என்று கேட்டாயே, அங்கேதான் மாட்டிக்கொண்டாய். கயிறு இழுக்கிற கை காய்த்துப்போகும், சிதெரிஸ். சோப்புத் தண்ணீரில் கிடக்கிற கைதான் வெடிக்கும்.

நீ கப்பலில் இல்லை. ஏதோ சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் தட்டு கழுவிக்கொண்டிருக்கிறாய். இல்லை என்று சொல்லாதே, இன்னொரு பொய்யைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

நேற்று துறைமுகத்தில் லெயோனிஸைப் பார்த்தேன். அவருடைய சந்தேகம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, சும்மா கேட்பதுபோல் அடிவானத்தைப் பற்றிக் கேட்டேன். கண்ணுக்குத் தெரியுறது ஒண்ணு, பூமியோட நடு மையத்து வழியாக் கணக்குல போடுறது ஒண்ணு, ரெண்டாவதைத்தான் உண்மையான அடிவானம்னு சொல்வோம், எவனும் அதைப் பார்த்தது கிடையாது, பார்த்ததைத் திருத்தித் திருத்தித்தான் அங்க போய்ச் சேரணும் என்றார். பிறகு, அடுத்த கடுதாசி வந்தா என்கிட்டயும் காட்டும்மா என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று எனக்குப் புரியவில்லை.

உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை. ஒன்பது வயதில் எதிர்த் தீவுக்குப் படகில் போனோமே, கண்ணெதிரே தெரிகிற தீவு, அதற்குள் நாலு முறை என் மடியில் வாந்தி எடுத்தாய். உன் அப்பா கப்பல் விண்ணப்பத்தை மேஜையில் வைத்து, போடுடா கையெழுத்து, ஸ்திராத்திஸ் மகன் தண்ணிக்குப் பயந்தான்னு ஊர் சொல்லக்கூடாது என்றபோது நீ என்னைத்தான் பார்த்தாய். நான் தர்பூசணியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவே இல்லை. நீ பார்த்தது எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்கு அப்பா கப்பலிலிருந்து விடுப்பில் வருகிறார். வந்ததும் உன் கடிதங்களைக் கேட்பார், அவருக்கும் நட்சத்திரம் தெரியும். அதனால் சொல்வதைக் கவனமாய்க் கேள். இனி ஒரே உறையில் இரண்டு தாள் வை. ஒன்று ரொட்டிக் கடையில் படிப்பதற்கு, லெயோனிஸுக்கும் அதுதான். அதில் நட்சத்திரமே வேண்டாம், மத்தியானச் சூரியனை அளந்தேன் என்று எழுது, பிழை வராது. மற்றது எனக்கு மட்டும். அதில் உன் ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறதோ அதை எழுது. எதிர்ச் சுவர்தான் என்றால் எதிர்ச் சுவர் என்று எழுது, அது எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்றும் எழுது. உன் அடிவானம் அவ்வளவு கிட்டேதான் என்றாலும் பரவாயில்லை, எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

பரிசுத்த மாதாவும் உன் பெயர்கொண்ட புனிதரும் நீ நிற்கிற இடத்தில், அது எந்த இடமானாலும், உன்னைக் காக்கட்டும். தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் காய்ச்சி ஒரு சின்ன டப்பாவில் அனுப்பியிருக்கிறேன், படுக்கப்போகும்போது தடவு, தட்டு கழுவும்போது ரப்பர் கையுறை போட மறக்காதே. அப்பாவுக்கு எந்தத் தாளும் காட்டப்போவதில்லை. அவரிடம் நானே சொல்கிறேன். இந்த முறை என் கையில் தர்பூசணி இருக்காது.

உன் அம்மா,
எவாந்தியா