குட்டைக் கண்ணாடி

சுற்றியிருந்த பனியன் வேஸ்ட் துணியைப் பிரித்ததும் உன் பைக்கின் பழைய விண்ட்ஷீல்டு கைக்கு வந்தது. கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த குட்டைக் கண்ணாடி. நீதான் இதைச் சுற்றி என் வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போனாய். காலையில் உன் மனைவி போன் செய்தாள். "வண்டிய வித்தரலாம்னு இருக்கறனுங்ணா. வாங்கறவரு பழைய கண்ணாடியவே மாட்டிக் கேக்கறாருங்க. உங்ககிட்ட இருக்குதுங்களா?"

இருந்தது. அதைத் திட்டித் தீர்த்த நீதான் இல்லை.

அன்றைக்கு ஊத்துக்குளி டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் டேங்கின் மேல் கவிழ்ந்தாய். பின்னால் என் வண்டியில் வந்த நான் பதறிப்போனேன். "கண்ணாடி குட்டைடா மாப்ள. காத்து நேரா நெஞ்சுல அடிக்குது, மூச்சே உட முடியல" என்றாய். ஓட்டுகிறவன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? உயரமான ஒன்றை வரவழைத்து மாட்டினோம். ஒரு சுற்றுப் போய் வந்து, "இப்பத்தான்டா உசுரு வந்துச்சு" என்று சிரித்தாய். அடுத்த பயணத்தில் காங்கேயம் தாண்டுவதற்குள் மறுபடியும் மூச்சு இழுத்தது. "இன்னும் ஒசரமா கெடைக்குமான்னு பாரு" என்றாய். அதையும் வாங்கி மாட்டினோம்.

பெருமாநல்லூரில் உன் ரைசிங் யூனிட்டுக்குள் நுழைந்தால் எதிரே நிற்கும் ஆள் தெரியாது. துணியைச் சுரண்டி மெத்தென்று ஆக்கும் அந்த மெஷின்கள் கக்கிய பஞ்சு உன் புருவத்திலும் மீசையிலும் ஒட்டியிருக்கும். மாஸ்க் தாடையில் தொங்கும். "இதப் போட்டுட்டுக் கத்துனா எவனுக்குக் கேக்குது?" என்பாய். ஹெல்மெட்டைத் தட்டினால் அதிலிருந்தும் பஞ்சு விழும். அதைத் தட்டிக்கொண்டேதான் இருவரும் கண்ணாடியைக் குறை சொன்னோம்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, என்ன தொழில் என்று மட்டும் கேட்டார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தாய். "அப்பக் கண்ணாடியால இல்லையாடா?" என்றாய். சிரிக்கத்தான் பார்த்தாய், இருமல் விடவில்லை.

இன்று உயரக் கண்ணாடியைக் கழற்றி அதே வேஸ்ட்டில் சுற்றி வைத்துக்கொண்டேன். அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். குட்டைக் கண்ணாடியைப் பூட்டி, சரிபார்க்க வண்டியை ஊத்துக்குளி ரோட்டில் எடுத்தேன். பாழாய்ப்போன மனசு, கண்ணாடிதான் காரணமாக இருந்துவிடக் கூடாதா என்று இப்போதும் ஏங்கியது. வேகத்தைக் கூட்டினேன். நீ சொன்ன மாதிரியே காற்று நேராக நெஞ்சில் அடித்தது. டீக்கடை வரை விடாமல் அடித்தது.

எனக்கு மூச்சு வாங்கவே இல்லை, மாப்ள.