பெங்களூர் கடையில் நான் சொன்ன பதில்

என் பிரியமான சாதிக் மாமா,

நல்லா இருக்கீங்களான்னு எழுதிட்டு உடனே அடிச்சுட்டேன். போயிட்டவங்ககிட்ட அப்படிக் கேக்கலாமா? நீங்க இருந்திருந்தா, "ஏன் மாப்ளே, கேட்டா என்ன கொறஞ்சா போயிடுவே?"ன்னு சிரிச்சிருப்பீங்க.

நேத்து உங்க நாப்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்திருந்தேன். அங்க உங்க வூட்டம்மா, நான் அக்கான்னு கூப்பிடறவங்க, சொன்னதைக் கேட்டதுல இருந்து எனக்கு எதுவும் ஓடல. அதான் எழுதறேன். இதைப் பத்திரிகையில படிக்கப்போறவங்களுக்கு நம்ம கதை தெரியாது. அவங்களுக்கும் சேத்தே சொல்லிடறேன்.

நான் இண்டூர்ல உரக்கடை. நீங்க தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல வாட்ச் ரிப்பேர். ஊரே கேசட்டுக்கு மாறினப்பறமும் இசைத்தட்டைக் கட்டிக்கிட்டு அழுத ரெண்டு பைத்தியம் நாமதான். என் பொண்டாட்டிக்குக் கூடப்பொறந்தவங்க இல்ல. என் மவளுக்குக் காது குத்தறப்போ, தாய்மாமனா அவளை மடியில வெச்சு உக்காந்தது நீங்க. அவ கத்தின கத்துல நீங்களும் சேந்து கண்ணைத் தொடச்சீங்க.

போன வருஷம் எனக்கு ஒரு கிறுக்கு. வெளிநாட்டு ரிக்கார்டு பிளேயர் வாங்கணும், அதுவும் ஒசத்தியா. அதுல தட்டு சுத்தற மிஷின் தனி, ஊசியைப் பிடிச்சிருக்கற கை தனி. ரெண்டையும் பாத்துப் பொறுக்கணும். உங்களை விட்டா யாரு? கடையைச் சாத்திட்டு என்கூட ரயிலேறினீங்க.

பெங்களூர்ல அந்தக் கடைக்காரன் ரெண்டு கையைக் காட்டினான். ஒண்ணு வளைஞ்சு வளைஞ்சு பளபளன்னு இருந்துச்சு. இன்னொண்ணு நேரா, கருப்பா, ஒரு களையும் இல்லாம. அவன் பாட்டைப் போட்டதும் நீங்க போய் சத்தத்தைச் சுத்தமா நிறுத்தினீங்க. குனிஞ்சு காதை ஊசிகிட்ட கொண்டுபோய், தட்டுல ஊசி ஓடற அந்தக் குட்டிச் சத்தத்தை மட்டும் கேட்டீங்க. அப்புறம் ஊசியைத் தூக்கிட்டு, நகத்தால அந்தக் கையை லேசாத் தள்ளிப் பாத்தீங்க.

"மாப்ளே, பளபளக்கறது வேணாம். மூட்டுல ஆட்டம் இருக்குது. கருப்பை எடு."

கடைக்காரன் உங்க லுங்கியைப் பாத்தான், ரப்பர் செருப்பைப் பாத்தான். சிரிச்சுக்கிட்டே, யாரு இவருன்னு இங்கிலீஷ்ல என்னைக் கேட்டான்.

"கூலி. பெட்டி தூக்க வந்தவரு"ன்னேன்.

மாமாங்கறதுக்கு இங்கிலீஷ் வார்த்தை வாயில வரலைன்னு பின்னாடி எனக்கு நானே சாக்கு சொல்லிக்கிட்டேன். த்தூ! அங்கிள்னு என் மவளே சொல்லுவா. அவன் என்னையும் பட்டிக்காட்டான்னு நினைச்சிடுவானோன்னு பயந்தேன், அவ்வளவுதான். அவன் முன்னாடி பெரிய மனுஷனாத் தெரியணும்னு, பளபளக்கறதையே வாங்கித் தொலச்சேன்.

நீங்க பெட்டியைத் தோள்ல ஏத்திக்கிட்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்தீங்க. பாதியில நான் கை நீட்டினேன். "பரவால்ல"ன்னீங்க. கூட மாப்ளேன்னு சொல்லல.

அந்த மிஷின்ல ஒவ்வொரு தட்டுலயும் கடைசிப் பாட்டு வந்தா, வார்த்தையில வர்ற 'ச'ங்கற சத்தமெல்லாம் சீறுது மாமா. நீங்க சொன்ன அதே ஆட்டம். ஒரு நாளாவது கேக்க வருவீங்கன்னு பாத்தேன். நீங்க வரல. வாங்கன்னு கூப்பிட எனக்கு மூஞ்சியில்ல. தருமபுரிக்கு வந்தாலும் உங்க கடை இருக்கற பக்கம் தலைவெச்சுப் படுக்கல. நாளைக்குப் போயிக்கலாம், நாளைக்குப் போயிக்கலாம்னே ஆறு மாசம் ஓட்டினேன். நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே நீங்க போயிட்டீங்க.

நேத்து அக்கா எனக்குச் சோறு வெச்சுக்கிட்டே, எல்லாரும் கேக்கறாப்பல சொன்னாங்க:

"தம்பி, பெங்களூர்ல அவ்ளோ பெரிய கடைக்காரன்கிட்ட, 'இவரு எங்க மாமா, இவரு சொல்றதைத்தான் எடுப்பேன்'னு சொன்னீங்களாமே! வூட்டுக்கு யார் வந்தாலும் அதைத்தான் சொல்லுவாருங்க. சொல்றப்ப அவரு மூஞ்சியப் பாக்கோணுமே!"

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "ஆமாங்க்கா"ன்னேன். சொல்லிட்டுச் சோத்தைப் பெசஞ்சு தின்னேன். மறுபடியும் அதே வாய்தான்.

ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க? என் மானத்தைக் காப்பாத்தவா? இல்ல, அந்த வலியை அப்படிச் சொல்லித்தான் ஆத்திக்கிட்டீங்களா? திட்டியிருந்தா ஒரு நாள்ல போயிருக்கும். இதை நான் எங்க கொண்டுபோய் எறக்கி வெப்பேன்?

"அந்தம்மா சந்தோஷத்தைக் கெடுக்காதீங்க"ங்கறா என் பொண்டாட்டி. அவ சொல்றதுலயும் ஞாயம் இருக்குது. ஆனா நான் வாய மூடிக்கிட்டா, அக்கா போடற ஒவ்வொரு சோத்தையும் உங்க பொய்யில உக்காந்து தின்னவனாயிடுவேன்.

இந்தக் கடுதாசி அச்சுல வர்றதுக்கு முன்னாடி உங்க வூட்டுக்கு வந்து, அக்காகிட்ட என் வாயாலயே சொல்லிடறேன். வெளிய போன்னா போறேன். ஆனா சொல்லாம வரமாட்டேன். உங்க வூட்டுக்காரரு பொய் சொன்னது உங்களுக்காக இல்லீங்க்கா, எனக்காகன்னு சொல்லுவேன். இது சத்தியம் மாமா.

நீங்க கூப்பிடாட்டியும் அப்படித்தான் கையெழுத்துப் போடுவேன்,
உங்க மாப்ளே
முருகேசன், இண்டூர்.