கெண்டைக்காலைத் தேய்க்காதே

அன்புள்ள மகன் சுகுமாருக்கு, உத்திரமேரூரிலிருந்து அம்மா எழுதுவது. நீ நல்லபடி இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் காகிதத்தையே எடுத்தேன். இங்கே நானும் உன் நைனாவும் இருக்கிறோம், தம்பி போன பிறகு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எழுதியதைப் பக்கத்து வீட்டு ரேணுகா போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். போனிலேயே சொல்லலாமே என்பாய், நம் வீட்டுப் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான், நைனா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், இது அவர் காதில் விழக்கூடாத சேதி.

நேற்றுப் பேசும்போது, லீவு நாள் பூராவும் கேம் ஆடினேன், இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றாய். உடனே நைனா, இன்னாடா, நல்லெண்ணெய சூடு பண்ணி அழுத்தித் தேய்டா, சரியாப் பூடும் என்றார். நீயும் சரி என்றாய். தேய்க்காதே சுகுமார். இதைப் படித்ததும் டாக்டரிடம் போ, தம்பிக்கு நடந்ததையும் அவரிடம் சொல்லு. மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷமும் காத்திருக்காதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

தம்பி கதிர்வேலுக்கும் இதேதான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான், நாற்காலியில் வேர் விட்டுவிட்டதா என்று நான் கத்துவேன், இந்த மேட்ச் முடியட்டும்மா என்பான். கால் வீங்கியதும் சுளுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நைனா தன் மடியில் அவன் காலைப் போட்டு உருவி உருவி விட்டார், நைனா கை பட்டாலே பாதி வலி பூடுது என்று அவனும் சிரித்தான். மறுநாளே மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தான். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் அவனை வீட்டுக்குக் கொண்டுவர வண்டி பிடிக்க நைனா வெளியே ஓடியபோது டாக்டரம்மா என்னிடம் சொன்னாள், காலில் உறைந்த ரத்தம் நகர்ந்து நுரையீரலை அடைத்துவிட்டதாம், காலைத் தேய்த்தீர்களா என்று கேட்டாள். தேய்த்ததால் நகர்ந்ததா, தானாக நகர்ந்ததா, அது யாராலும் சொல்ல முடியாது என்றாள். நைனாவிடம் மாரடைப்பு என்று சொல்லிவிட்டேன். அவருக்குத் தெரிந்தால் அந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிச் சோறு சாப்பிடுவார், சொல்லு. தம்பியின் சிநேகிதன் மோகன் வந்து கம்ப்யூட்டரைக் கேட்டான், நைனா தரவில்லை, தினமும் துடைத்து வைக்கிறார்.

உன்னை ஆடாதே என்று சொல்லவில்லை. அந்நிய ஊரில் உனக்கும் பொழுது போக வேண்டும். ஆனால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நட, காலை மடித்துப் போட்டு உட்காராதே, பாதத்தை மேலும் கீழும் ஆட்டு. தண்ணீருக்குப் பெரிய பாட்டில் வைத்துக்கொள்ளாதே, சின்ன டம்ளர் வை, பிடித்து வரவாவது எழுந்து போவாய்.

சுந்தரவரதப் பெருமாள் உன்னைக் கண்போல் காக்கட்டும், நீ தீர்க்காயுசாக இரு. டாக்டர் சொன்னதை ரேணுகா நம்பருக்கு எழுது, நம் போனுக்கு வேண்டாம். நைனா உன் காலைப் பற்றி இன்றைக்குள் கேட்காமல் இருக்க மாட்டார். கேட்டால், தேய்ச்சேன் நைனா, சரியாப் பூட்ச்சு என்று சொல்லிவிடு.

உன் அம்மா,
கஸ்தூரி