நிறுத்து என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்

ஜூன் 8, ஞாயிறு

கடைசிக் குறி அட்டையில் நடு வளையம் கிழிந்தே போயிருந்தது. அவ்வளவு நன்றாகச் சுட்டேன். யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் என்ன ரைஃபிள், அதன்மேல் என்ன தூரநோக்கி, என்ன விலை என்று பேச்சு போகும். எனக்கு அதெல்லாம் தெரியாது. தம்பி பார்த்து வாங்கிக் கொடுத்ததை வைத்துச் சுடுகிறேன்.

முடிந்ததும் தகரக் கொட்டகையில் தேநீர். பல் டாக்டர் தன் புதுத் தூரநோக்கியைக் கைக்குழந்தை மாதிரி ஒவ்வொருவர் மடியிலும் கிடத்தி எடுத்தார். பிறகு, திருடன் வீட்டுக்குள் வந்தால் அவனை எங்கே சுடுவது என்ற பேச்சு. ஆளுக்கு ஓர் இடம் சொன்னார்கள். "எங்க வீட்டுக்கு வர்ற திருடன் பாவம்னு ஏதாவது வெச்சுட்டுத்தான் போவான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. தம்பி மேசைக்கடியில் என் காலை மிதித்தான்.

எனக்குத் துப்பாக்கியே பிடிக்காது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். வாரம் முழுக்கக் காது பரிசோதனை அறையில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரிடம் கேக்குதா, இப்ப கேக்குதா என்று கேட்டே என் தொண்டை வறண்டுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காதுக்குள் உருட்டி வைக்கிற பஞ்சு அடைப்பான், அதன்மேல் காதுமூடி. மூச்சை விட்டுவிட்டு விசையை அழுத்துவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வருகிறதே, யாரும் என்னை எதுவும் கேட்காத நேரம், அதற்காகத்தான் போகிறேன். மற்றவர்கள் சத்தத்துக்காக வருகிறார்கள். காதுமூடி ஒன்றே போதாதா என்று கிண்டல் செய்து எனக்குப் 'பஞ்சு' என்றே பேர் வைத்தாகிவிட்டது.

கிண்டல் செய்யாதவர் கேப்டன் ஒருவர்தான். அவர் பட்டாளத்தைப் பார்த்ததே இல்லை; பட்டம் குரலுக்காக வந்தது. இந்தச் சுடுதளத்தைக் கல் பொறுக்கி மண் அணைத்துக் கட்டியவர். அப்பா போனபிறகு தம்பிக்கு அப்பா மாதிரி இருந்தவரும் அவர்தான். அவர் 'நிறுத்து' என்றால் மரத்தில் இருக்கிற காக்கை எழும்பும். இங்கே கண்டிப்பான விதி அது. நிறுத்து என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னால் எல்லாரும் தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியை மேசையில் வைத்து, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வரவேண்டும். பிறகுதான் அட்டை மாற்ற ஒருவர் முன்னால் போகலாம். பெரும்பாலும் தம்பிதான் போவான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது.

ஜூன் 11, புதன்

மதியம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவர் கேப்டன்.

"நீ ஆஸ்பத்திரின்னுதான் தெரியும். இந்த ரூமுன்னு தெரியாதேம்மா" என்றார். திரும்பிப் போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தார். நான் நாற்காலியைக் காட்டினேன்.

ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் அழுத்தினார். நான் ஒலியே அனுப்பாதபோதும் அழுத்தினார். என் தோள் அசைவதைக் கண்ணாடி வழியே பார்த்து அழுத்துகிறார் - பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற வேலை. நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பினேன். அதன்பிறகு பொத்தான் விளக்கு எரிய வெகுநேரம் ஆனது. சில ஒலிகளுக்கு எரியவே இல்லை.

டாக்டர் கருவி வைக்கச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டார். நடைவழியில் என்னிடம் வந்து நின்று, "தம்பிகிட்ட சொல்லாதேம்மா" என்றார்.

"யார் விஷயத்தையும் யார்கிட்டயும் நான் சொல்லக் கூடாது சார். என் வேலை அப்படி. ஆனா நீங்க சுடும்போது வேற யாராவது நிறுத்துன்னா?"

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பக்கத்து ஆளைப் பாப்பேன். அவன் கீழ வெச்சா நானும் வெப்பேன். ரெண்டு வருஷமா அப்படித்தானே ஓடுது."

ரெண்டு வருஷமா.

ஜூன் 12, வியாழன்

காதுமூடி போட்டபிறகு இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. அட்டை மாற்றப் போகிறவன் என் தம்பி.

ஜூன் 15, ஞாயிறு

கேப்டனுக்குப் பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்தேன். பஞ்சு வைக்கவில்லை. யாராவது நிறுத்து என்றால் என் காதில் விழ வேண்டும். விழுந்ததும் துப்பாக்கியை அவருக்குத் தெரிகிற மாதிரி பெரிதாகத் தூக்கிக் கீழே வைத்தேன். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார், வைத்தார். நன்றி மாதிரி தலையை லேசாக ஆட்டினார்.

ஒரு தோட்டாகூட உருப்படியாகப் போகவில்லை. மூச்சை விட்டால் உடனே காது நிமிர்ந்துகொள்கிறது. ஆறு நாள் செய்கிற வேலையை ஏழாவது நாளும் செய்துவிட்டு, அதற்குச் சந்தாவும் கட்டுகிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

என் அட்டையைப் பார்த்து, "என்ன பஞ்சு, வடிகட்டி மாதிரி இருக்கு?" என்றார் பல் டாக்டர். கேப்டனை விட்டு நகருவதில்லை என்று இன்னொருவர் வேறு மாதிரிச் சிரித்தார். கேப்டனுக்கு அது கேட்கவில்லை. எல்லாரும் சிரித்ததால் அவரும் சிரித்தார்.

சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் நான் தேநீரைக் குடித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

தூங்கினால்தானே. இரண்டு வாரமாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். சுடும் மேசைகளுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு முன்பு இருந்ததாம், பழுதாகிக் கழற்றிவிட்டார்கள். நிறுத்து என்றதும் பொத்தானைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும், எல்லார் கண்ணிலும் படும். யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. இன்றைய கூட்டத்தில் எழுந்து சொன்னேன்.

"எதுக்கு?" என்றார் பல் டாக்டர்.

"பாதுகாப்புக்கு."

"இத்தனை வருஷத்துல ஒரு கீறல் விழுந்திருக்கா இங்க?"

விழவில்லை. கேப்டனைப் பார்த்தேன். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றுதான் பார்த்தேன். அவர் எழுந்தார். எல்லாரும் அமைதியானார்கள்.

"விளக்கைப் பாத்து நிறுத்தற பழக்கம் வந்துட்டா காது சோம்பேறி ஆயிடும்" என்றார். கைதட்டினார்கள். தம்பியும் தட்டினான்.

எப்படி மனசு வந்தது அவருக்கு? என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார். அவர்மேல் கோபம் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் ஒன்றையும் உருப்படியாகச் செய்ய முடிவதில்லை.

ஜூலை 9, புதன்

எங்கள் டாக்டரிடம் போய் நின்றேன். கேட்டுக்கொண்டார். கேப்டனுக்கு இரண்டு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை. மணி அடிப்பது அவருக்குக் கேட்க வேண்டுமே. "நாமா வெளிய சொல்லலாமான்னு மேலிடத்துல கேட்டு எழுதறேன். பதில் வர்ற வரைக்கும் நீங்க வாயத் திறந்துடாதீங்க, வேலைக்கு உலை" என்றார். மேலிடத்திலிருந்து என்றைக்குப் பதில் வந்திருக்கிறது? என் பரிசோதனை அறைக்கு மின்விசிறி கேட்டு எழுதியபோது நான் வேலைக்குப் புதிது; இன்னும் வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வண்டியில் வரும்போது தம்பி கேட்டான். "அக்கா, நீ ஏன் கேப்டன் பக்கத்துலயே உக்காரறே? என்னென்னவோ பேசறாங்க. எனக்குக் கேக்கவே நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு."

"பேசறவங்க பேசட்டும்டா."

"உனக்கென்ன, நீ வாரத்துக்கு ஒரு தடவ வந்துட்டுப் போயிடுவே. எனக்கு இருக்கறதே இவங்கதான். அடுத்த வாரம் கடைசி மேசைக்குப் போயிடு. எனக்காக."

அவன் என்னிடம் எதுவும் அதிகம் கேட்டவன் இல்லை. சரி என்றுவிட்டேன். நான் ஏன் சரி என்றேன்? ஒருவேளை எனக்கும் அலுத்துவிட்டதோ.

ஜூலை 20, ஞாயிறு

எழுதியே ஆகணும்.

கடைசி மேசையில இருந்தேன். காத்து அடிச்சு அட்டை மாட்டற பலகை ஒண்ணு சாஞ்சது. பல் டாக்டர் நிறுத்துன்னார். எல்லாரும் வெச்சாங்க. தம்பி கோட்டுக்குப் பின்னால வரவே இல்லை, அப்படியே முன்னால ஓடிட்டான் பலகையத் தூக்க. நான் திரும்பிப் பார்த்தேன் - கேப்டன் தூரநோக்கியில கண்ண வெச்சபடி இருக்கார். பக்கத்து மேசை காலி. நான் உட்கார வேண்டிய மேசை. அவர் பார்க்க ஆளே இல்லை.

கத்தினேன். நிறுத்து நிறுத்துன்னு. எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க, அவர் மட்டும் பார்க்கல. ஓடிப் போய்க் குழலைப் பிடிச்சு மேல தூக்கினேன். வெடிச்சது. கூரைத் தகரத்துல ஓட்டை. வெளிச்சம் உள்ள வந்தது.

அவர்கள் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: ஒருவன் முன்னால் நிற்கும்போது, இன்னொருவர் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடித்து இழுத்தேன், அது வெடித்தது. அடுத்தவர் துப்பாக்கியைத் தொடுவதைவிடப் பெரிய குற்றம் அங்கே கிடையாது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார் ஒருவர். பல் டாக்டர், "பைத்தியமா உங்களுக்கு? கேப்டன் தோட்டாவ எடுக்கத்தானே போனார்?" என்று கத்தினார்.

கேப்டன் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தார். நான் காத்திருந்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டு, குனிந்து காலித் தோட்டாவைப் பொறுக்கினார்.

தம்பி அங்கேயே, பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. வண்டியில் கொண்டுவந்து என் தெருமுனையில் இறக்கிவிட்டு, "நான் முன்னால நிக்கறேன்க்கா. என்னப் பாத்தியா இல்லியா நீ?" என்றான்.

பார்த்தேன்டா. உன்னை மட்டும்தான் பார்த்தேன்.

இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் இழுத்தேன் என்று அடுத்த கேள்வி வரும்.

ஜூலை 27, ஞாயிறு

என்னை நீக்கிவிட்டதாகச் செய்தி வந்தது. எல்லாரும் ஒரே மனதாக முடிவு செய்தார்களாம். எல்லாரும் என்றால் கேப்டனும் தம்பியும் உண்டு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மா போன். "அவன்கூட என்ன சண்டை உனக்கு? பேரச் சொன்னாலே எழுந்து போயிடறான்." ஒன்றுமில்லை என்றேன். நாள் முழுக்கச் சன்னலை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருச்சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

கேப்டன் வந்தார், கருவி வைத்துக்கொள்ள. அளவெடுத்தேன், பொருத்தினேன். விதிப்படி முதுகுப்பக்கம் நின்று மெல்லிய குரலில் பேசிப் பார்க்க வேண்டும்.

"கேக்குதா சார்?"

"கேக்குது." தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தெரிய நேரமானது. "நீ அன்னிக்குக் கத்தினியாம்மா?"

"கத்தினேன்."

"எனக்குத் தெரியல. பையன் அங்க நின்னதே தூரநோக்கியிலேர்ந்து கண்ண எடுத்தப்பதான் தெரிஞ்சது. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். வர்ற ஞாயித்துக்கிழம எழுந்து நின்னு சொல்லிடறேன்."

வெளியே போகும்போது கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை நடைவழிக் கடைசியில் பார்த்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சாயங்காலம் தம்பி வந்தான். வாசலிலேயே நின்று, அம்மா கொடுத்தனுப்பினாள் என்று ஒரு பையை நீட்டினான். உள்ளே வாடா என்றேன். வந்தான். தட்டு வைத்தேன். தலை நிமிராமல் சாப்பிட்டான். பாதிச் சாப்பாட்டில் தானாகவே சொன்னான்.

"சிவப்பு விளக்கு போட்டாச்சு. கேப்டன் தன் சொந்தக் காசுல. நீ கேட்டப்ப வேணாம்னவர்தானே."

"நல்லதுதானே."

"இனிமே சுட மாட்டாராம். கை வலின்னு சொல்லிட்டார். ஓரமா உக்காந்து விளக்குப் பொத்தானத் தட்டறார். அது மட்டும்தான் வேலை."

எனக்குப் புரிந்தது. எழுந்து நின்று சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. இவ்வளவுதான் அவரால் முடிந்தது. இனி என் தம்பி பலகையைத் தூக்கப் போனால் உயிரோடு திரும்பி வருவான். துப்பாக்கியைப் பிடித்து இழுத்த பைத்தியக்காரி என்ற பேர் எனக்குப் போகாது. அழுகை வந்தது. தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் எழுந்தேன்.

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து, "அக்கா, அவர் உன் ஆஸ்பத்திரிக்கு வந்தாரா?" என்று கேட்டான்.

"யார் வந்தா, யார் வரலன்னு நான் சொல்லக் கூடாதுடா."

"வரலன்னா வரலன்னு சொல்லிட்டுப் போயேன்."

நான் தட்டை எடுத்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டே, "அந்தப் பஞ்சு ஒரு டப்பா இருந்தா குடு. ராத்திரியில காது இரையுது" என்றான்.

இருந்தது. எனக்கு இனி எதற்கு? வைக்கும் விதம் தெரியாமல் திணித்தான். உட்கார வைத்து, உருட்டி, காதை மேலே இழுத்து நானே வைத்துவிட்டேன். ஊதிப் பெருகும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன், இரண்டு காதிலும். அவன் முதுகைக் காட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தான், சின்ன வயதில் தலை வாரிவிடும்போது உட்காருவதுபோல.

பொருந்தியிருக்கிறதா என்று பின்னால் நின்று பேசிப் பார்க்க வேண்டும். அது வழக்கம்தான்.

"அவருக்குக் கேக்கலடா. உன்னச் சுட்டுடுவாரேன்னுதான் இழுத்தேன்" என்றேன், மெல்லிய குரலில்.

அவன் திரும்பவில்லை. சரியாகப் பொருந்தியிருந்தது.