வசம்புக் கரி

அன்புள்ள மச்சானுக்கு ஸ்டெல்லா எழுதுவது. மாதா தயவில் நலம். ஆவூரில் நீங்களும் பாப்பாவும் சுகமா?

இங்கே குவைத்தில் நான் பார்த்துக்கொள்ளும் குழந்தை வயிற்றுவலியில் வீறிட்டு என் கன்னத்தைக் கடித்தது. நம் பாப்பாவுக்குச் செய்வதுபோல வசம்பைச் சுட்டு, அந்தக் கரியைத் தொப்புளைச் சுற்றித் தடவினேன். கறுப்பைப் பார்த்த வீட்டுக்காரம்மா, பிள்ளைக்குச் சூடு வைத்துவிட்டேன் என்று இரும்புக் கரண்டியால் விளாசினாள். “சூடில்லைங்க, கரிதாங்க!” என்று கத்தினேன். தமிழ் அவளுக்கு ஏது? புருவம் கிழிந்து மூன்று தையல். பயப்படாதீர்கள், ஆறிவிட்டது. குழந்தை அன்றே வாயு பிரிந்து தூங்கிவிட்டது.

பாப்பாவின் புதுப் பல்லைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். “என்னைக் கடிச்சிட்டா, ரெண்டு அடி வச்சேன்” என்று போனில் சிரித்தீர்களே, இனி கை ஓங்கும்போது என் புருவத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை அழுகிறது. வீட்டுக்காரம்மா வருவதற்குள் நான் அதைத் தூக்க ஓட வேண்டும்.