பதிவேட்டில் இல்லாத பெயர்

12 ஆகஸ்ட், செவ்வாய். ஈப்போ.

விபத்து இழப்பீட்டு விதிகளைத் திருத்துவதற்காக இன்று சுங்காய் தோட்டத்துக்குப் போனேன். உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும்போது முள் குத்தி அங்கே வேலை செய்யும் முனியம்மாவுக்கு ஒரு கண் போயிருக்கிறது. வேலைப் பதிவேட்டில் பெயர் இல்லையென்று அவள் மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

“ஏம்மா பேரைப் பதியல?” என்று அதட்டினேன்.

“எம் வீட்டுக்காரரு குலை வெட்டுவாரு, நான் பொறுக்குவேன். ரெண்டு பேரு வேலைக்கும் அவரு பேருதான் மேடம். இங்க எல்லாப் பொம்பளைக்கும் அப்படித்தான்லா. இந்த விதிய எழுதினவங்க தோட்டத்துப் பக்கமே வந்ததில்ல போல!”

எழுதியவள் நான்தான். அதை அவளிடம் சொல்லாமலே மனுவை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஒரு சொல்கூடப் பிசகாத விதி என்று இத்தனை வருடம் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அமைச்சுக்கான கடிதத்தை இப்போதுதான் முடித்தேன். முனியம்மாவின் மனுவை மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் வரி, ‘தவறு என்னுடையது.’ அந்த வரியில் மட்டும் என் கையெழுத்து கோணலாக விழுந்திருக்கிறது. திருத்தி எழுதப் போவதில்லை.