நம்மைப் பற்றி யார் சொன்னது?

அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலிருக்கும் அந்தச் சின்ன அரங்கில் நேற்று நுழைந்ததுமே பழைய பைண்டிங் பசையின் வாசனை அடித்தது. பின்சுவர் முழுக்கப் புத்தக அலமாரிகள். உன் சேலையிலும் இதே வாசனைதான் இருக்கும். நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்து நீ என் பக்கத்தில் உட்கார்ந்தால் பஸ்ஸே பழைய புத்தகம் மாதிரி மணக்கும்.

ஒரு நாவலாசிரியரின் கூட்டம். நூலகத்தில் சந்தித்துக் காதலிக்கும் இரண்டு பெண்களின் கதை என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. கதவோரமாக உட்கார்ந்தேன். நாம் எங்கே போனாலும் அப்படித்தானே உட்காருவோம்.

எழுதிய பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு பக்கம் வாசித்தாள். கதையில் வரும் நூலகர் முன்மேசையில் இருந்தபடி சாவிக்கொத்தைக் குலுக்குகிறாள். ஆள் வருகிறது, கணக்குப் புத்தகங்கள் பக்கம் போய் நின்றுகொள் என்று உள்ளே இருக்கும் டீச்சருக்கு அதில் சேதி.

நானும் கணக்கு டீச்சராக இருந்தவள்தானே. அந்தச் சத்தத்தின் அர்த்தம் உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். யார் சொல்லியிருப்பார்கள்? நீ போனதும் காரியத்துக்கு வந்து வீட்டையே குடைந்த உன் தம்பியா? மாடி வீட்டு அம்மாளா? முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவர்மேலும் சந்தேகம் வந்தது.

கேள்வி நேரத்தில் அவரேதான் எழுந்தார். "லைப்ரரில போயி இதெல்லாம் நடக்குமாங்க? கொஞ்சம் ஓவரா இல்ல?"

சிலர் சிரித்தார்கள். "நடந்துச்சு சார். நம்ம ஊர்லயே," என்றாள் அவள்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. "ரொம்ப பயப்படாதடி, ஊருக்கு நம்மள விட்டா வேற வேலை இல்லையா?" என்பாய் நீ. நான் ஒருநாளும் அதை நம்பியதில்லை. கையெழுத்து வாங்கும் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அந்தச் சாவி விஷயம் உனக்கு யாரும்மா சொன்னாங்க?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். "ஆண்ட்டி, நீங்க ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துட்டு வருவீங்க இல்ல? பக்கத்து பெட்ல எங்கம்மா இருந்தாங்க."

நினைவு வந்தது. எப்போதும் மடியில் லேப்டாப் வைத்திருந்த பெண். அப்போதே அவளையும் சந்தேகப்பட்டவள் நான். டாக்டர், நர்ஸ், அவள் என்று எல்லோரிடமும் முந்திக்கொண்டு, "இவ என் தங்கச்சி," என்பேன். நீ கண்ணை மூடிக்கொள்வாய். வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

"நீங்க கெளம்பினதும் அவங்க என்னைக் கூப்புட்டாங்க. 'அவ எங்கக்கா இல்லம்மா, என்னோட வாழ்ந்தவ. போறதுக்குள்ள ஒருத்தர்கிட்டயாவது உண்மைய சொல்லணும்'னாங்க. அப்புறம் தெனமும் கொஞ்சம் கொஞ்சமா சொன்னாங்க. எழுதலாமான்னு கேட்டேன். 'எழுது, பேரு மட்டும் போடாத, அவ பயப்படுவா'ன்னாங்க."

முதலில் கோபம்தான் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பிறகு, நீ கண்ணை மூடிக்கொண்டது எந்த வலியால் என்று புரிந்ததும் கோபம் கரைந்துவிட்டது. புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"யார் பேருக்கு ஆண்ட்டி?" என்று பேனாவைத் திறந்தாள்.

எனக்குப் பின்னால் அந்த முன்வரிசைக்காரர் புத்தகத்தோடு நின்றிருந்தார். உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்துச் சொன்னேன், அவர் காதில் விழும்படியாகவே.

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷத்துச் சந்தேகம் ஒரே நாளில் என்னை விட்டுப் போய்விடுமா? எது நம்முடையது, எது அவளுடைய கற்பனை என்று ஒவ்வொரு பக்கத்தையும் உற்றுப் பார்த்துத்தான் திருப்புகிறேன். அந்த டீச்சர் தூக்கத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பாளாம். அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் படுத்திருப்பவள் தூங்காமல் கேட்டுக்கொண்டிருப்பாளாம்.

நிஜமாகவா? என்னிடம் நீ சொன்னதே இல்லையே.